உளுந்து வயலும் டெல்லி அறிவிக்கையும்

எந்தப் பொருள் இந்தியாவுக்குள் வரலாம், எது வெளியே போகலாம், எந்த நிபந்தனையோடு போகலாம் என்பதை வகுத்து வெளியிடும் அலுவலகம் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இதன் தலைமையிடம் புது டெல்லி. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் இதற்கு மண்டல அலுவலகங்கள் உண்டு. சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் இதை ‘டி.ஜி.எஃப்.டி.’ என்றே சொல்வார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அந்தப் பெயரைக் காதால் கேட்டிராதவர்களே அதிகம். ஆனாலும் களமருதூரில் விளையும் உளுந்துக்கும், சின்னசேலம் பக்கத்து மக்காச்சோளத்துக்கும், மூங்கில்துறைப்பட்டு ஆலை அரைக்கும் கரும்புக்கும் என்ன விலை கிடைக்கும் என்பதில் அந்த அலுவலகத்துக்கும் பங்கு உண்டு.

ஒரே அலுவலகத்துக்கு இரண்டு வேலைகள். நாட்டுக்குத் தேவை என்று அரசு கருதும்போது வணிகத்தைத் தடுப்பது ஒன்று; மற்ற நேரங்களில் வணிகத்தை வளர்ப்பது இன்னொன்று. இரண்டையும் தருவது 1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தக மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். ஆனால் இந்த அலுவலகம் பிறந்தபோது அதற்குத் தடுக்கும் வேலை மட்டுமே இருந்தது.

இரண்டாம் உலகப்போர் மூண்டபின் 1940 மே மாதத்தில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் பிரிட்டிஷ் அரசு இறக்குமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அந்நியச் செலாவணியும் கப்பல்களில் இடமும் போருக்கே வேண்டும், பிற சரக்குக்கு அவற்றைச் செலவிட முடியாது என்பதுதான் காரணம். அதே போர்க்காலத்தில் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் நின்றது. அந்த வெற்றிடத்தில்தான் 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார். இன்று கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரங்களில் வெட்டப்படும் மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக ஆத்தூர், சேலம் ஆலைகளுக்குப் போகிறது என்றால், அதன் வேர் ஓர் இறக்குமதி நின்றுபோனதில் இருக்கிறது.

போர் முடிந்தும் கட்டுப்பாடு போகவில்லை. 1947-இல் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கென்று இயற்றப்பட்ட அந்தச் சட்டம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு நாற்பத்தைந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தது. அதை நடத்தியவர் ‘இறக்குமதி, ஏற்றுமதித் தலைமைக் கட்டுப்பாட்டாளர்’. ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரப் பாகம் வேண்டுமென்றாலும் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பொருள் உள்நாட்டில் கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். விண்ணப்பம் நகர்வதற்காகக் காத்திருக்க வேண்டும். உரிமம் கையில் இருப்பதே ஒரு சொத்தாகிவிட்ட காலம் அது.

1991 ஜூலையில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. அப்போது வணிகத்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் ஜூலை 4-ஆம் தேதி அறிவித்த மாற்றங்கள் ஏற்றுமதிக்கான ரொக்க மானியத்தை நிறுத்தின. ஈட்டிய அந்நியச் செலாவணியை ஒட்டி இறக்குமதி உரிமை தரும் முறையை விரிவாக்கின. அந்த ஆண்டிலேயே தலைமைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் தலைமை இயக்குநரகம் என்று மாறியது. அடுத்த ஆண்டு பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. ஆனாலும் நுகர்பொருட்கள் பலவற்றின் இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு நீடித்தது. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் 1999-இல் இந்தியா தோற்றது. அதன்பின் வணிகத்துறை அமைச்சர் முரசொலி மாறன் 2000-இல் 714 பொருட்களுக்கும், 2001 மார்ச் 31-இல் மீதமிருந்த 715 பொருட்களுக்கும் அளவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். வெளிநாட்டு வேளாண் பொருட்கள் குவிந்துவிடும் என்று அப்போது விவசாயிகளிடையே எழுந்த அச்சம் பெரியது. அவ்வளவு வெள்ளம் வரவில்லை என்றாலும் அச்சம் வீண் என்று சொல்லிவிட முடியாது. அன்றிலிருந்து உள்ளூர் விலைக்கு வெளிநாட்டு விலை பக்கத்து வீடாகிவிட்டது.

இன்றைய முறை இப்படி இயங்குகிறது. உலகில் விற்கப்படும் ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் உண்டு. உலக சுங்க அமைப்பு வகுத்த முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. இந்தியா மேலும் இரண்டு சேர்த்து எட்டு இலக்கமாக்கிக்கொள்கிறது. அரிசி 1006, மக்காச்சோளம் 1005, சர்க்கரை 1701, ஜவ்வரிசி 1903, இயற்கைத் தேன் 0409, மரத்தில் செய்த சிறு சிலைகளும் அலங்காரப் பொருட்களும் 4420 என்று தொடங்கும். இயக்குநரகம் வைத்திருக்கும் பெரிய அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கு நேராகவும் ஒரு சொல் இருக்கும். ‘தடையற்றது’ என்றிருந்தால் யாரும் கொண்டுவரலாம், அனுப்பலாம். ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்றால் உரிமம் வேண்டும். ‘தடை செய்யப்பட்டது’ என்றால் வழியில்லை. சில பொருட்களை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே வாங்கவோ விற்கவோ முடியும். பெரும்பாலான சரக்குகள் தடையற்றவை. அவற்றுக்கும்கூட உணவுப் பாதுகாப்பு, பயிர்நோய்த் தடுப்பு போன்ற பிற துறைகளின் விதிகள் பொருந்தும்.

அந்த ஒரு சொல்லை மாற்றுவதற்குப் பயன்படும் கருவி அறிவிக்கை. பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கத் தாள். மத்திய அரசின் பெயரில் தலைமை இயக்குநர் கையொப்பமிட்டு அரசிதழில் வெளியிடுகிறார். 1992 சட்டத்தின் 3-ஆம் பிரிவு, இப்படித் தடை செய்யப்பட்ட சரக்கைச் சுங்கச் சட்டத்தின்கீழும் தடை செய்யப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது. அதனால் டெல்லியில் தாள் வெளியான உடனே சென்னைத் துறைமுகத்திலும் தூத்துக்குடியிலும் சுங்க அதிகாரி சரக்கை நிறுத்த முடிகிறது. கொள்கை வகுப்பது இயக்குநரகம், வாசலில் நிற்பது சுங்கத்துறை என்று வேலை பிரிந்திருக்கிறது. வரி எவ்வளவு என்பது மட்டும் நிதி அமைச்சகத்தின் கையில். விண்ணப்ப நடைமுறையை மாற்ற ‘பொது அறிவிப்பு’, விளக்கம் சொல்ல ‘வணிகச் சுற்றறிக்கை’ என்று வேறு தாள்களும் உண்டு. வயல்வரை வந்து எட்டுவது அறிவிக்கைதான்.

உளுந்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். உளுந்தூர்பேட்டை வட்டத்தில் சம்பா அறுத்த ஈரத்தில் மார்கழி, தையில் உளுந்து விதைப்பார்கள். அதிக நீர் வேண்டாம், எழுபது எண்பது நாளில் கைக்கு வரும், மண்ணுக்கும் நல்லது. பங்குனி, சித்திரையில் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டு அடித்து, மூட்டை கட்டிக் கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, ஏற்றுவார்கள். அங்கே ஏலம் கேட்கும் வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்து, சொத்தையும் ஈரமும் எவ்வளவு என்று கணக்கிட்டு விலை சொல்வார். அந்த நேரத்தில் அவர் மனத்தில் இன்னொரு விலையும் ஓடிக்கொண்டிருக்கும். சென்னைக்கு வந்திறங்கும் பர்மா உளுந்தின் விலை அது.

இந்தியாவில் விளையும் உளுந்து இந்தியாவுக்குப் போதவில்லை. பற்றாக்குறையை நிரப்புவதில் மியான்மரே முதலிடம். அந்தச் சரக்குக்கு முக்கியமான சந்தை சென்னை. 2017-இல் பருப்பு விளைச்சல் அமோகமாகி விலை சரிந்தபோது, ஆகஸ்டு மாதத்தில் இயக்குநரகம் உளுந்தையும் பாசிப்பயற்றையும் ‘தடையற்றது’ என்ற நிலையிலிருந்து ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்று மாற்றியது. இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 இலட்சம் டன் வரை மட்டுமே அனுமதி. அதுவும் ஆலைகளுக்கு ஒதுக்கீட்டின்படி. விவசாயிக்கு அது ஓர் அரண். 2021-இல் பருப்பு விலை ஏறத் தொடங்கியதும், மே 15-ஆம் தேதி உளுந்து, துவரை, பாசிப்பயறு மூன்றின் இறக்குமதியும் திறந்துவிடப்பட்டது. உளுந்துக்கும் துவரைக்கும் அந்தத் திறப்பு ஆண்டுக்காண்டு நீண்டது. மியான்மருடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 2021-22 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.5 இலட்சம் டன் உளுந்து வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. இட்லி மாவு அரைக்கும் குடும்பங்களுக்கு அது நிம்மதி. கடனுக்கு விதை வாங்கி விதைத்தவருக்கும், பாடுபட்டுச் சேர்த்த மூட்டையை விற்க வந்தவருக்கும் அது வேறு செய்தி. அரசு 2025-26 பருவத்துக்கு உளுந்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்த விலை காகிதத்தில் நிற்கிறதா களத்தில் கிடைக்கிறதா என்பதை அந்தந்த ஆண்டின் இறக்குமதி பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

உண்பவரையும் விளைவிப்பவரையும் ஒரே அறிவிக்கையால் மகிழ்விக்க முடியாது. இயக்குநரகமும் இதைத் தனியாக முடிவுசெய்வதில்லை. விலையைக் கண்காணிக்கும் நுகர்வோர் விவகாரத் துறை, வேளாண் துறை, அமைச்சர்கள் குழு என்று பலர் கூடிப் பேசிய முடிவைத்தான் அது தாளில் வடிக்கிறது. ஆனாலும் பேச்சில் யாருடைய குரல் ஓங்கி ஒலிக்கிறது என்று பார்த்தால், விலைவாசி உயரும் காலத்தில் நகரத்து நுகர்வோரின் குரலே ஓங்கியிருக்கிறது. அரிசியிலும் அதுவே நடந்தது.

2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 ஜூலை 20-ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பருவமழை குறித்த கவலையும் உள்நாட்டு விலை ஏற்றமும் காரணங்கள். செய்தி போய்ச் சேர்ந்த சில நாட்களில் அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் பச்சரிசி மூட்டைகளுக்கு மக்கள் முண்டியடித்தார்கள். தமிழர்கள் அதிகம் உண்ணும் புழுங்கல் அரிசிக்குத் தடையில்லை; ஆனால் ஆகஸ்டு மாதத்தில் நிதி அமைச்சகம் அதற்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. தடைக்குள்ளும் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. உணவுத் தேவைக்காகக் கேட்கும் நாடுகளுக்கு அரசு அனுமதியோடு அனுப்பலாம். அந்த வழியில் சிங்கப்பூருக்கு 50,000 டன்னும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 75,000 டன்னும் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் மூலம் அனுமதிக்கப்பட்டன. 2024 செப்டம்பர் 28-இல் வெள்ளை அரிசித் தடை, டன்னுக்கு 490 டாலர் என்ற குறைந்தபட்ச விலை நிபந்தனையோடு நீங்கியது. அடுத்த மாதமே அந்த நிபந்தனையும் போயிற்று. குருணைத் தடை 2025 மார்ச்சில் விலகியது.

சர்க்கரைக்கு 2022 ஜூன் 1 முதல் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. பிறகு நீட்டித்துக்கொண்டே போனார்கள். 2025 ஜனவரியில்தான் அந்தப் பருவத்துக்கு 10 இலட்சம் டன் அனுப்ப ஆலைகளுக்கு ஒதுக்கீடு தரப்பட்டது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இயங்கும் கள்ளக்குறிச்சி கூட்டுறவு ஆலைகள் கப்பலில் சர்க்கரை ஏற்றுகின்றனவா என்பது இங்கே கேள்வியே இல்லை. நாட்டுக்குள் சர்க்கரை தேங்கினால் எல்லா ஆலைகளுக்கும் விலை இறங்கும். ஆலைக்குப் பணம் வராவிட்டால் கரும்பு விவசாயிக்கு நிலுவை ஏறும். மக்காச்சோளத்தில் கதை திரும்பி ஓடுகிறது. எத்தனால் ஆலைகளும் கோழிப்பண்ணைகளும் ஒரே தானியத்துக்குப் போட்டியிட்டதால், 2024 ஜூனில் சுமார் 5 இலட்சம் டன் மக்காச்சோளத்தைக் குறைந்த வரியில் இறக்குமதி செய்ய வழிவகுக்கப்பட்டது. கல்வராயன் மலை அடிவாரத்தில் மானாவாரியாக மக்காச்சோளம் போடும் குடும்பம் இந்தச் செய்தியை எந்த நாளிதழிலும் படித்திருக்க வாய்ப்பில்லை.

இனி இந்த அலுவலகத்தின் மற்றொரு கை. ஏற்றுமதி செய்ய விரும்பும் எவருக்கும் முதலில் வேண்டியது ‘ஐ.இ.சி.’ எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். முன்பு இது தனி எண்; சரக்கு மற்றும் சேவை வரி வந்த 2017 முதல் நிரந்தரக் கணக்கு எண்ணான பான் எண்ணே இதற்கும் எண்ணாகிவிட்டது. கட்டணம் 500 ரூபாய். வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தனிநபர், கூட்டு நிறுவனம், சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் யாரும் பெறலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கிவிடும். புதிதாக வருபவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அதற்குமேல் இருப்பவை சலுகைத் திட்டங்கள். அவற்றின் அடிப்படை எளிது. ஒரு நாடு தன் வரியைச் சரக்கோடு சேர்த்து ஏற்றுமதி செய்யக் கூடாது. செய்தால் வெளிச்சந்தையில் விலை போகாது. எனவே ஏற்றுமதிப் பொருளுக்கான மூலப்பொருளை வரியில்லாமல் இறக்குமதி செய்துகொள்ள ‘முன் அனுமதித் திட்டம்’ இருக்கிறது. இயந்திரத்தை வரியில்லாமல் கொண்டுவர ‘மூலதனப் பொருள் திட்டம்’ இருக்கிறது. இரண்டாவதில் ஒரு கடமை உண்டு: மிச்சமான வரியைப் போல் ஆறு மடங்கு மதிப்புக்கு ஆறு ஆண்டுகளில் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். ஒரு மரவேலைக்கூடம் வெளிநாட்டுச் செதுக்கு இயந்திரம் வாங்கி 2 இலட்சம் ரூபாய் வரி மிச்சப்படுத்தினால், ஆறு ஆண்டுகளில் 12 இலட்சம் ரூபாய்க்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் வரியும் வட்டியும் திரும்பக் கட்ட வேண்டும். மின்சாரம், டீசல், மண்டி வரி போல வேறெங்கும் திரும்பக் கிடைக்காத வரிகளை ஈடுகட்ட 2021 ஜனவரி 1 முதல் ‘ரோடெப்’ திட்டம் நடக்கிறது. அதற்கு முன்பிருந்த ஊக்கத்தொகைத் திட்டம் உலக வர்த்தக அமைப்பில் வழக்காகி, 2019 அக்டோபரில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பானது. ஏற்றுமதிக்கென்று மானியம் தருவது வேறு, கட்டிய வரியைத் திருப்பித் தருவது வேறு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இயக்குநரகம் ஒவ்வொரு தொழிலையும் நேரடியாகக் கைப்பிடித்து அழைத்துப் போவதில்லை. அந்த வேலை மேம்பாட்டு அமைப்புகளுடையது. அரிசி, ஜவ்வரிசி, தேன் போன்றவற்றுக்கு ‘அபேடா’. புளி உள்ளிட்ட நறுமணப் பொருட்களுக்குக் கொச்சியிலுள்ள நறுமணப் பொருள் வாரியம். கைவினைப் பொருட்களுக்குக் கைவினை ஏற்றுமதி மேம்பாட்டு மன்றம். அந்தந்த அமைப்பில் உறுப்பினராகிச் சான்று பெற்றால்தான் பல சலுகைகள் கிடைக்கும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு இதையெல்லாம் பொருத்திப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளில் செதுக்கப்படும் இந்தச் சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையிலிருந்து முற்காலத்தில் இடம்பெயர்ந்து வந்த கைவினைஞர்களின் மரபு என்று இதைச் சொல்வார்கள். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். சிற்பத்தைக் கப்பலில் ஏற்றாது. சிங்கப்பூரிலுள்ள ஒரு கடை ஐம்பது விநாயகர் சிலை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்பவருக்கு ஐ.இ.சி. எண் வேண்டும். வங்கிக் கிளையின் அங்கீகாரக் குறியீட்டைத் துறைமுகத்தில் பதிந்திருக்க வேண்டும். வரி கட்டாமல் அனுப்ப ஜி.எஸ்.டி. தளத்தில் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதித்திருப்பதால், புதிதாகச் செதுக்கிய சிலை தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று தேவைப்படும். செம்மரத்தில் செதுக்கியதாக இருந்தால் அது முற்றிலும் வேறு சிக்கல்; அதன் ஏற்றுமதிக்கு இயக்குநரகமே கடும் தடை வைத்திருக்கிறது. ஈட்டி மரமென்றால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி, மரம் முறையாக வெட்டப்பட்டது என்பதற்கு ஆவணம் வேண்டும். சிலையை வைக்கும் மரப்பெட்டிக்கும் விதி உண்டு. பெட்டிப் பலகையின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, அதற்கான முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். மரத்துக்குள் இருக்கும் புழுபூச்சி இன்னொரு நாட்டுக்குப் போய்விடக் கூடாது. பணம் வந்தபின் வங்கி வரவுச் சான்றை இயக்குநரகத்தின் தளத்தில் ஏற்றினால்தான் அந்த ஏற்றுமதிக் கணக்கு முடியும்.

உளியும் கொட்டாப்புளியும் பிடிக்கும் கைக்கு இத்தனை தாள்களும் பாரம்தான். அதனால்தான் பெரும்பாலான சிற்பிகள் தாமே அனுப்பாமல் வணிகரிடமோ பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்களிடமோ கொடுத்துவிடுகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிறு ஆர்டர்களுக்கு அஞ்சல் வழி இப்போது எளிதாகியிருப்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. 2022-இல் வந்த விதிகளுக்குப் பிறகு அஞ்சலகம் மூலம் அனுப்பும் சரக்குக்கான சுங்கப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். இதற்கென ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற பெயரில் அஞ்சல் ஏற்றுமதி மையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டுள்ளன. கூரியர் வழி அனுப்பும் ஒரு சரக்கின் மதிப்பு வரம்பை 2023-இன் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 5 இலட்சத்திலிருந்து 10 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஒரு கலைஞர் மாதம் நான்கு சிலைகளை நேரடியாக வெளிநாட்டு வாங்குநருக்கு அனுப்ப இவ்வளவு போதும்.

அந்த 2023 கொள்கைக்கு முந்தையவை ஐந்தாண்டுக் கணக்கில் வந்தவை. 2015 ஏப்ரல் 1-இல் அப்போதைய வணிகத்துறை இணையமைச்சர் நிர்மலா சீதாராமன் வெளியிட்ட கொள்கை 2020-இல் முடிந்திருக்க வேண்டும்; கொரோனாவால் 2023 மார்ச் வரை நீண்டது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ளதற்கு முடிவுத் தேதி கிடையாது; தேவைக்கேற்பத் திருத்திக்கொள்கிறார்கள். 2030-க்குள் 2 இலட்சம் கோடி டாலர் ஏற்றுமதி என்பது அதன் இலக்கு. மாவட்டங்களை ஏற்றுமதி மையங்களாக்குவது அதன் ஓர் அங்கம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு இருக்கும். இயக்குநரகத்தின் மண்டல அதிகாரி இணைத் தலைவர். மாவட்டத்துக்கென்று என்ன பொருள், எந்த நாட்டுக்கு, என்ன தடை என்று ஆராய்ந்து செயல்திட்டம் தீட்டுவது குழுவின் பொறுப்பு.

2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து வந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இது நல்ல வாய்ப்பு. இதுவரை இந்த மண்ணின் பொருள் வெளிநாடு போனாலும் கணக்கில் இந்த மண்ணின் பெயர் வந்ததில்லை. மரவள்ளி இங்கே விளைந்து சேலம் ஜவ்வரிசியாகிறது. 2023-இல் புவிசார் குறியீடும் அந்தப் பெயரில்தான் கிடைத்தது. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் சேகரிக்கும் கடுக்காய், புளி, தேன் ஆகியவை வியாபாரிகளிடமும், ‘லேம்ப்ஸ்’ எனப்படும் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்களிடமும் போய், அங்கிருந்து வேறு ஊர்ச் சரக்கோடு கலந்துவிடுகின்றன. 2020 பிப்ரவரி 15 முதல் ஒவ்வொரு ஏற்றுமதிச் சரக்குப் பட்டியலிலும் பொருள் உருவான மாநிலத்தையும் மாவட்டத்தையும் குறிப்பிட வேண்டும் என்று சுங்கத்துறை கட்டாயமாக்கியது. அந்தக் கட்டத்தில் ‘கள்ளக்குறிச்சி’ என்று நிரப்பினால் மட்டுமே மாவட்டக் குழுவின் முன் உண்மையான கணக்கு வரும். ஏற்றுமதியாளரிடம் சரக்கு விற்பவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

மலைத்தேனுக்கு மற்றொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். மட்டமான தேன் மலிவு விலையில் வெளியே போய் இந்தியத் தேனின் பெயரைக் கெடுப்பதைத் தடுக்க, 2024 மார்ச்சில் இயக்குநரகம் டன்னுக்கு 2,000 டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வைத்தது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைப் பக்கத்துக் காட்டுத்தேன் போன்ற நல்ல சரக்குக்கு இத்தகைய விதி பாதகமில்லை, சாதகமே. ஆனால் ஐரோப்பியச் சந்தை கேட்கும் ஆய்வகச் சோதனைகளும் தடமறியும் பதிவேடுகளும் இல்லாமல் எந்தத் தேனும் அந்த விலைக்கு அருகில் போகாது. சோதனைச் செலவைத் தனித்தனிக் குடும்பங்கள் தாங்க முடியாது. சங்கமோ உற்பத்தியாளர் நிறுவனமோதான் தாங்க வேண்டும்.

இந்த அலுவலகத்தின் இரு கைகளையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. தடை ஓர் இரவில் வருகிறது. யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. சலுகை விண்ணப்பித்தால் மட்டும் வருகிறது. விண்ணப்பிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் வருகிறது. முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்குக்கும், முன்பே உறுதியான வங்கிக் கடன்பத்திரம் திறக்கப்பட்ட ஒப்பந்தத்துக்கும் கொள்கையிலேயே பாதுகாப்பு உண்டு. அது துறைமுகத்தில் நிற்கும் வணிகரைக் காக்கிறது. வயலில் நிற்கும் பயிருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. விதைக்கும்போது இருந்த விதி அறுக்கும்போது மாறிவிட்டால் அந்த இழப்பு முழுவதும் விவசாயியுடையது. 2025 ஜனவரியில், விதிகளை மாற்றுமுன் தொடர்புடையவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று கொள்கையில் ஒரு பத்தி சேர்க்கப்பட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம். அவசர நேரங்களில் கேளாமலும் முடிவெடுக்கலாம் என்ற விலக்கு அதில் இருக்கிறது; விலைவாசிப் பிரச்சினைகள் எல்லாமே அவசரமாகத்தான் வருகின்றன.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதை நடத்தும் பொறுப்பும் இதே இயக்குநரகத்துக்குத்தான். தமிழ்நாடு அரசும் 2021 செப்டம்பரில் தனக்கென்று ஓர் ஏற்றுமதி உத்தியை வெளியிட்டிருக்கிறது. பணமும் திட்டமும் இருக்கின்றன. போய்ச் சேர வழிதான் வேண்டும். இயக்குநரகத்தின் அறிவிக்கைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. உளுந்து இறக்குமதி எந்த மாதம்வரை திறந்திருக்கும் என்ற ஒரு வரித் தகவல், விதைப்புக்கு முன்பே உளுந்தூர்பேட்டைக் கமிட்டியின் அறிவிப்புப் பலகையில் அன்றைய விலையின் பக்கத்தில் தமிழில் எழுதப்பட வேண்டும். அதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. மாவட்ட ஏற்றுமதிக் குழு மனம் வைத்தால் வருகிற பருவத்திலேயே தொடங்கலாம், தொடங்க வேண்டும்.